கிளிக்கு ஓர் அண்ணன்

பட்டறை,
திங்கட்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கையெல்லாம் மரத்தூள். தாளில் எங்கேயாவது ஒட்டியிருந்தால் ஊதிவிட்டுப் படியுங்கள். நானும் உங்கள் அண்ணனும் சௌக்கியம்தான். அவருக்கு வழக்கமான சளி, எனக்கு வழக்கமான முதுகுவலி. நலம் சொல்லியாயிற்று. இனி உங்களைத் திட்ட ஆரம்பிக்கலாம்.

பெட்டியைத் திறந்தால் உங்கள் பச்சைக் கிட்டார், நம் கிளி, படுத்திருக்கிறது. தந்திகளுக்கு நடுவில் ஒரு சீட்டு. வாசிப்பதை விட்டுவிட்டீர்களாம், அலுத்துவிட்டதாம், கிட்டாரை நல்ல ஆள் யாருக்காவது நான் கொடுத்துவிட வேண்டுமாம். மூன்று வரி. பத்தொன்பது வருடம் அந்த ஹோட்டல் மாடியில் வாரத்துக்கு நான்கு நாள் வாசித்தவர் மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். என் சமையல் அலுக்கும், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அண்ணன் அடிக்கிற ஜோக் சொல்லி முடிப்பதற்குள் அலுக்கும். கிட்டார் உங்களுக்கு அலுத்துவிட்டது என்பதை வேறு யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்தவள். நீங்கள்தான் ஒருநாள் இந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, கழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, கட்டைவிரல் பக்கம் மட்டும் இழைத்துக் கொடுங்கள் அண்ணி என்று கேட்டீர்கள். நம் இரண்டு பேரையும்விட வயதான கிட்டார் அது. உப்புத்தாளை வைத்து இரண்டு தேய்ப்பு, உங்களிடம் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்வது, மறுபடி இரண்டு தேய்ப்பு என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. இன்றைக்கு யார் யாரோ தேடி வந்து பழைய கிட்டாரின் சாயலில், தடித்த குரலில் பேசுகிற பேஸ் கிட்டார் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்கிறார்கள் என்றால் அதற்கு விதை போட்டது கிளிதான். அதை நான் யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். நல்ல ஆளைப் பார்த்துச் சொன்னீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வாத்தியத்தை மேஜையில் போட்டுத் துடைத்தேன். மேலே இருக்கிற நான்கு தந்தியும் புதுசு போலவே இருக்கின்றன. கடைசி இரண்டு மெல்லிய தந்திகள் மட்டும் தேய்ந்து, கையை வைத்தால் சொரசொரக்கிறது. அந்த இரண்டுக்கும் கீழே சாயத்தில் புதிதாகக் கீறல்கள், மரம் தெரிகிற அளவுக்கு. குரலைக் கூர்மையாக்கும் திருகு கடைசி வரை முடுக்கப்பட்டு அங்கேயே இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் விட்டுத்தான் அசைந்தது. நீங்கள் பூப்போலத் தொட்டு வாசிக்கிறவர் ஆயிற்றே. அந்த இரண்டு தந்தி மேல் உங்களுக்கு என்ன அவ்வளவு ஆத்திரம் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது உங்கள் அண்ணன் விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் நான்கு மாதமாக அவருடைய போனை எடுப்பதில்லை. வேலை, அப்புறம் பேசுகிறேன் என்று ஒரு செய்தி மட்டும் வரும். அந்த அப்புறம் வருவதே இல்லை. போன தடவை நீங்கள் இங்கே வந்திருந்தபோது, கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் ஒன்று சொன்னார், நினைவிருக்கும். "யாரோ சாப்பிடறதுக்கு நீ இன்னும் எத்தனை வருஷம்தான் வாசிச்சிக்கிட்டே இருப்ப" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். வந்து விழுந்த விதம் சரியில்லை. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நீங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் உங்கள் படிக்கிற கண்ணாடி மேஜையிலேயே இருக்கிறது. அவர் தன் கடையில் தன் கையால் வில்லை தேய்த்து மாட்டிக் கொடுத்த கண்ணாடி. அதை எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினார். உங்களுக்குப் பத்தடி பின்னால் வரைக்கும் வந்துவிட்டாராம். மூன்று தடவை கூப்பிட்டாராம். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் பேருந்தில் ஏறிப் போய்விட்டீர்களாம். வீட்டுக்கு வந்து கண்ணாடிக் கூட்டை இழுப்பறையில் வைத்தார். "கோவம் அவனுக்கு. இருக்க வேண்டியதுதான்" என்றார். இப்போது கிட்டாரும் வந்துவிட்டதா, ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டார். நான் சொன்ன ஒரு வார்த்தையில் அவன் வாத்தியத்தையே தூக்கிப் போட்டுவிட்டான் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டார் என்பதற்குக் கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைக்கிறார். யாரும் போடாத கண்ணாடியில் என்ன அழுக்கு இருக்கும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

கிளியை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அதன் உருவத்தை அட்டையில் வரைந்துகொண்டு அதே சாயலில் ஒரு பேஸ் செய்யப் போகிறேன். ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தேன், எனக்கென்று ஒன்று இல்லை. இது எனக்கு. ஆகவே கிளி பட்டறையில் வேலையாக இருக்கிறது. அது ஓய்ந்ததும் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

போனில் வேண்டாம் என்றால் கடிதமாவது போடுங்கள். பட்டறை முகவரிக்கே போடுங்கள், முதலில் நான் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


பட்டறை,
வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அஞ்சலட்டை வந்தது. கடிதம் கேட்டால் அட்டை. கொடுத்த வரைக்கும் சந்தோஷம். ஹோட்டலிலேயே சாமான் அறையில் வேலைக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மேஜை விரிப்புகளை எண்ணி அடுக்கி வைப்பது உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறதாம், அங்கே யாரும் பேசுவதில்லையாம். நம் குடும்பத்திலேயே அதிகம் பேசுகிறவர் நீங்கள். படித்துவிட்டு அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அண்ணன் மேல் சத்தியமாகக் கோபம் இல்லை என்று எழுதியதை மட்டும் அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். "கோவம் இல்லாதவன் போன எடுப்பான்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கிளி நம்மை இத்தனை வருடமாக ஏமாற்றியிருக்கிறது, தெரியுமா. முன்பக்கத்து வெள்ளைத் தகட்டைக் கழற்றினேன். அதற்கு அடியில் வெளிச்சமே படாத இடத்தில் சாயம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது. வானத்து நீலம். மேலே பூசிய வார்னிஷ் வருடக் கணக்கில் மஞ்சளாகிப் போய், நீலத்தின் மேல் மஞ்சள் ஏறித்தான் பச்சையாகத் தெரிகிறது. நாம் கிளி என்று பெயர் வைத்துக் கொஞ்சியதெல்லாம் பழுத்துப் போன வார்னிஷைப் பார்த்துத்தான். இப்போது என் பேஸுக்கு எந்த நிறம் பூசுவது. பிறந்தபோது இருந்த நீலமா, நமக்குத் தெரிந்த பச்சையா. இதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். வராமல் நான் தூரிகையைத் தொட மாட்டேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. கிளியின் உருவத்தை ஒரு மயிரிழை பிசகாமல் பெரிதாக்கி, உடலை வெட்டி, கழுத்தைப் பொருத்தினேன். அழகென்றால் அழகு. வாரை மாட்டித் தோளில் போட்டுக் கையை எடுத்தேன். தலை விழுந்து தரையைப் பார்க்கிறது. தூக்கி விட்டால் மறுபடி விழுகிறது, பேருந்தில் தூங்கி வழிகிற ஆள் மாதிரி. பேஸின் கழுத்து நீளம், முறுக்காணிகள் கனம். கழுத்தை ஒட்டி உடலில் நீண்டிருக்கிற மேல்பக்கத்துக் கொம்பு கிளிக்குக் குட்டை. வாரை மாட்டுகிற இடம் உடலுக்கு மிக அருகில் வந்துவிட்டது, சமநிலை போய்விட்டது. இது தொழிலில் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். இத்தனை வருடத்துக்குப் பிறகு நானே போய் விழுந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் கொம்பை நீட்டித்தான் வரைந்திருப்பேன். கிளி என்பதால் ஒரு கோட்டைக்கூட மாற்ற மனம் வரவில்லை.

உங்கள் அண்ணன் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன இது, கிளிக்கு அண்ணனா" என்றார். ஆமாம், அதனால்தான் தலை கனம் என்றேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். அந்த உடலை ஓரமாக வைத்துவிட்டேன். வேறு பலகை எடுத்து, மேல்கொம்பை மூன்று விரற்கடை நீட்டி, மறுபடி வெட்ட வேண்டும். கிளி மாதிரியே இருக்காது. கிளிக்குச் சொந்தம் என்று தெரிந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் காது பரிசோதனைக்குப் போய் வந்தேன். மரம் குடைகிற ரூட்டர் இரைச்சலில் வேலை செய்கிறவள் என்பதால் வருடம் ஒருமுறை போவேன், உங்களுக்குத் தெரியும். இந்த முறை, காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற என் கோடும் ஓரத்தில் கொஞ்சம் சரிந்திருக்கிறது. பரிசோதிக்கிற அம்மாள் தாளில் வரைந்து காட்டினார். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். குருவி, கெட்டில் விசில், தூரத்திலிருந்து கூப்பிடுகிற குரல், இப்படி. தடித்த சத்தம் கடைசி வரை நிற்குமாம். ரொம்பப் பேர் வெளியே சொல்வதில்லை, கூட்டத்தை விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். என் கோட்டுக்கு இப்போதைக்குப் பயமில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் கிளியை மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு மெல்லிய தந்திகளைப் பற்றி முன்கடிதத்தில் கேட்டிருந்தேன் இல்லையா. அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

நிறத்துக்கு மட்டும் எழுதுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அண்ணி


பட்டறை,
சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

பச்சை என்று ஒரே சொல் எழுதி அனுப்பியிருந்தீர்கள். அதற்குக் கீழே, யோசித்து யோசித்து எழுதிய மாதிரி, கழுத்தை என் கிட்டாரில் இருப்பது போலவே விடுங்கள் என்று இன்னொரு வரி. இது அண்ணி தனக்காகச் செய்துகொள்கிற பேஸ் என்று தெரிந்திருந்தும் அப்படி எழுதினீர்கள். உங்களுக்கே தெரியாமல் உங்கள் கை கேட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கிளிக் கழுத்தின் வளைவை அங்குலம் அங்குலமாகத் தகட்டில் படி எடுத்து, கட்டைவிரல் பக்கத்துச் சரிவையும் அப்படியே இழைத்துவிட்டேன். பச்சையும் பூசியாயிற்று. முன்பக்கத் தகட்டுக்கு அடியில் மட்டும் நீலம்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள்.

போன சனிக்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். பின்பக்கத்தில் கம்பிகள் போகிற குழியை ரூட்டரால் கொஞ்சம் ஆழப்படுத்தினேன். முடித்ததும், தந்தியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பை இணைத்து, தந்தி மாட்டி, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் செருகி மீட்டினேன். சத்தம் வரவில்லை. அடுத்த தெருவில் யாரோ கதவு தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். பிக்கப்பைக் கழற்றிப் பார்த்தேன். இணைப்பு சரியாக இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஈயம் வைத்தேன். அப்போதும் அதே கதவு தட்டல். வயரை மாற்றினேன். ஆம்பின் திருகைப் பாதிக்கு மேல் திருப்பினேன். புதிதாகச் சுற்றிய பிக்கப் ஊமையாகிப் போனதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எந்தத் தந்தியில் கோளாறு என்று பார்க்க, வாத்தியத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக மீட்டினேன். அந்த நீட்டிய கொம்பு இருக்கிறதே, அது சரியாக என் நெஞ்செலும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. தடித்த தந்தியைத் தொட்டால் அடிவயிற்றில் இறங்குகிறது. அடுத்தது விலாவில். அதற்கடுத்தது கழுத்துக்குக் கீழே. கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு இடத்தில் வந்து நிற்கிறது. எங்கே பிசகுகிறேன் என்பதுகூட நெஞ்சுக்குத் தெரிகிறது. நன்றாக வாசிக்கத் தெரியாதவள் நான், பாதி பாட்டு வரைக்கும் வாசித்துவிட்டேன்.

உங்கள் அண்ணன் மாடியிலிருந்து ஓடி வந்தார். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து என் தலையிலிருந்து காதுமூடியை உருவினார். ரூட்டரை ஓட்டும்போது மாட்டியதை நான் கழற்றவே இல்லை. நாள் முழுக்கத் தலையில் இருக்கிற சாமான், இருப்பதே தெரியவில்லை. உருவியதும் வந்த சத்தத்தில் நானே குதித்துவிட்டேன். மாடியில் அலமாரிக் கண்ணாடியெல்லாம் ஆடி, ஒரு தம்ளர் உருண்டு உடைந்துவிட்டதாம். "எங்க கடைக்கு வர்றவங்க கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு கண்ணாடியக் காணோம்னு தேடுவாங்க. நீ அவங்களுக்கு மேல இருக்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். அப்படியே மரக்குவியல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

தம்பி, இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, கிளிதான் சொன்னது. மெல்லிய தந்தி இரண்டும் உங்களை விட்டுத் தூரம் போகப் போக, எட்டிப் பிடிக்கிற மாதிரி ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறீர்கள். ஆத்திரமா என்று கேட்டேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன தடவை இங்கே இருந்தபோது கெட்டில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள். சுருதி சேர்க்கிற பெட்டியின் விளக்கைப் பார்த்துத் தந்தி முறுக்கினீர்கள். அந்தப் பெட்டி வைத்திருக்கிறவர்களைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியவர் நீங்கள். நாங்கள் பேசும்போது எங்கள் வாயைப் பார்த்தீர்கள். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. வாத்தியத்தில் ஒரு தந்தி அரை இழை பிசகினால் கண்டுபிடிக்கிறவள், வீட்டு மனிதரைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இதை உங்கள் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது.

அப்படி என்னதான் கேட்காமல் போகும் என்று அவர் அந்தக் காதுமூடியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, பேஸை மடியில் வைத்து ஒற்றை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று விளையாட்டாகக் கூப்பிட்டேன். என்னங்க என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். இவர் பாட்டுக்கு நோண்டிக்கொண்டிருக்கிறார். கழற்றியதும் நான் சிரித்துக்கொண்டே, மூன்று தடவை கூப்பிட்டேன், ஒரு தடவையாவது திரும்பினீர்களா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் கை நின்றுவிட்டது. "மூணு தடவையா" என்றார். ஆமாம் என்றேன். "பின்னாடி நின்னா கூப்பிட்ட" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பட்டறைக்கு இறங்கி வந்து, பேஸின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அவன் கைக்குச் சரியா இருக்குமா" என்று கேட்டார். இது யாருக்கு என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

வார்த்தையால் உங்களை வாட்டிவிட்டோம் என்று இத்தனை மாதம் குமைந்த மனிதர், இப்போது அதைவிடப் பெரிய ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடக்கிறார். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்கிற வரைக்கும் அவர் இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருப்பார்.

பேஸ் திங்கட்கிழமை கிளம்புகிறது. எனக்கென்று ஆரம்பித்தது பொய்யில்லை. முடிந்து கையில் எடுத்தபோது என் கட்டைவிரல் அந்தக் கழுத்தில் உட்காரவே மறுத்துவிட்டது. உங்கள் கைக்கு இழைத்த கழுத்து வேறு யாருக்கு உட்காரும். கூடவே ஒரு சின்ன ஆம்ப் வரும். அதை மரத் தரையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பலகை மேல் வையுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கொம்பை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த தந்தியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக வரும். கிட்டார்க்காரருக்குப் பேஸ் என்றால் கொஞ்சம் இளக்காரம்தானே. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கே வாசிப்பது, யாரோடு வாசிப்பது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். மேஜை விரிப்புகளுக்கு வாசித்தாலும் எனக்குச் சம்மதம். கிளி இங்கே என் ஜன்னலோரம் இருக்கிறது. எப்போது கேட்டாலும் கொடுப்பேன்.

காது பரிசோதனைக்குப் போங்கள். தனியாகப் போகப் பிடிக்காவிட்டால் இங்கே வாருங்கள், நான் வருடா வருடம் போகிற இடம், கூட வருகிறேன். காதுக்கு ஒரு கருவி மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் இருபத்திரண்டு வருடமாகக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கு ஒன்று போட்டுக்கொள்வதில் என்னம்மா கூச்சம், என்னய்யா கூச்சம் என்று ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிடுகிற மனிதர். அவர் தம்பி காதுக்குக் கூச்சப்படலாமா.

உங்கள் படிக்கிற கண்ணாடியைப் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்தேன். அப்புறம் இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். அது அவர் கையால் உங்களுக்கு வர வேண்டியது.

ஆகவே தம்பி, அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். நீளமாக வேண்டாம். அன்றைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்கள் அண்ணன் உங்களை ஒருநாளும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார். எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தாலும் ஓடி, உங்கள் முன்னால் வந்து நிற்பார்.

நன்றாக இருங்கள்.

அன்புடன்,
அண்ணி